வெளிப்புலத்தைச் சாய்த்த கியர்

வெளிப்புலத்தில் ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்தால் அது வைத்த இடத்திலேயே உட்கார்ந்து வயசாகிச் செத்துப்போகும் என்று சுற்றுவட்டாரத்தில் கேலி பேசுவார்கள், அந்தக் கேலியில் பொய் என்று தள்ள ஒரு சொல்கூடக் கிடையாது, ஏனென்றால் கிழக்கே கடல், கடலை ஒட்டி உப்பளம், உப்பளத்தை ஒட்டி ஊர், ஊருக்குப் பின்னால் மறுபடியும் வெட்டவெளி என்று, தோசைக்கல்லில் மாவைத் தேய்த்தது போலத் தேய்த்துவிட்ட பூமி அது, அங்கே பிறந்த பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் மேடு என்ற சொல்லைப் படித்துவிட்டு அது எப்படி இருக்கும் என்று வாத்தியாரைக் கேட்பார்கள், வாத்தியாரும் வெளிப்புலத்துக்காரராகவே இருந்துவிட்டால் மேசைமேல் ஏறி நின்று காட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது.

உப்பு விளைகிற ஊருக்கு மட்டம்தான் சாமி. பாத்தியின் ஒரு மூலை விரல்கடை அளவு இறங்கிவிட்டாலும் தண்ணீர் அங்கே போய்க் கூடிக்கொள்ளும், மறுமூலையில் உப்பு பூக்காது. அதனால் கொத்தனார்கள் வைத்திருக்கிற, தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்கும். அம்மி போட்டாலும் மட்டம் பார்ப்பார்கள், தொட்டில் கட்டினாலும் மட்டம் பார்ப்பார்கள், பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பாய் விரிக்கும்போதுகூடக் குழாயின் ஒரு முனையைப் பாயிலும் மறுமுனையை ஊர் நடுவில் இருக்கிற மட்டக்கல்லிலும் வைத்துப் பார்த்துத்தான் உட்காரச் சொல்வார்கள். வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இவர்களும் விட்டுவிடுவார்கள்.

மேடு இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைத்தது. விடிந்ததிலிருந்து சும்மா கிடக்கும் கடல்காற்று, உச்சிவெயிலில் சோறு கொண்டுபோகிற நேரமாகப் பார்த்துக் கிழக்கிலிருந்து கிளம்பி வந்து தையல்நாயகியின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் வீடுகளுக்குப் போய்த் தூக்குவாளிகளை வாங்கி, சைக்கிளின் பின்னால் கட்டிய மரப்பெட்டியில் அடுக்கி, பாத்தி பாத்தியாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தொழில். அடுப்பிலிருந்து இறங்கும்போது ஆவி பறந்த சோறு, அவள் காற்றோடு மல்லுக்கட்டி முதல் பாத்திக்குப் போய்ச் சேரும்போது வெதுவெதுப்பாகி, நடுப்பாத்தியில் ஆறி, கடைசிப் பாத்தியில் விறைத்துப் போயிருக்கும். உப்பு அரித்துப் பிளந்த விரல்களால் அந்த விறைத்த சோற்றைப் பிசைந்து பாதி உள்ளே போவதற்குள் வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஊதிவிடும், மிச்சத்தைக் காக்கைக்குக் கொட்டிவிட்டு எழுந்திருப்பார்கள். அந்தக் கடைசிப் பாத்தியில்தான் அவள் புருஷன் வைரக்கண்ணு வேலை செய்தான்.

வைரக்கண்ணு ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை. "சோறு சோறுதான, எப்புடி இருந்தா என்னா" என்பான், சொல்லிக்கொண்டே அந்த ஆறிப்போன கட்டியை உடைத்து வாயில் போட்டுக்கொள்வான். அதுதான் தையல்நாயகியைக் கொன்றது. திட்டினால் திருப்பித் திட்டலாம், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் இவளும் தூக்கிவைத்துக்கொள்ளலாம், ஒன்றுமே சொல்லாமல் தின்கிறவனை என்ன செய்வது. ஒரே ஒரு நாள், கடைசிப் பாத்தியில் மூடியைத் திறந்தால் ஆவி பறக்க வேண்டும் என்பது அவள் ஆசை. சின்ன ஆசைதான், ஆனால் அது அவளைப் பிடித்து ஆட்டியது.

கோயம்புத்தூரில் சைக்கிள் கடையில் வேலை பார்க்கும் அவள் தம்பி மதியரசன் போனில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்து, ஒரு பழைய கியர் செட்டைப் பார்சலில் போட்டு அனுப்பினான். "மலையேறுறவங்க இதப் போட்டுக்கிட்டு அலுங்காம ஏறுறாங்கக்கா. காத்தும் ஒரு மேடுதான, போட்டுப் பாரு" என்றான்.

தாவூது பாயின் சைக்கிள் கடை மட்டக்கல்லுக்கு எதிரில் இருந்தது. பூநாரை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களின் சைக்கிள்களில் கியரை அவர் கண்ணால் பார்த்திருக்கிறாரே தவிரக் கையால் தொட்டதில்லை, ஆனால் தெரியாது என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. பார்சலைப் பிரித்துச் சாக்கில் பரப்பினார். பெரியதும் சிறியதுமாக ஏழு பல்சக்கரங்களை அடுக்கிய ஃப்ரீவீல், பாம்பு நீளத்துக்கு ஒரு செயின், ஹேண்டில்பாரில் மாட்டுகிற லீவர், கேபிள், அப்புறம் இரண்டு குட்டிச் சக்கரங்களை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கில் மடங்கி மடங்கி ஆடுகிற ஒரு கை.

"ஜிமிக்கி மாரி தொங்குதே பாய், இதான் கியரா" என்றாள் தையல்நாயகி.

"இதான் செயினப் புடிச்சி ஒரு பல்லுலேருந்து இன்னொரு பல்லுக்கு ஏத்தி எறக்குறது. எனக்குத் தெரியாதா" என்றார் பாய், சொல்லிவிட்டுக் கைபேசியில் ஒரு வீடியோவைப் போட்டுச் சுவரில் சாய்த்துவைத்தார். அதில் பேசியவர் என்ன மொழியில் பேசினார் என்று இருவருக்கும் தெரியவில்லை, ஆனால் கைகள் செய்தது புரிந்தது, புரியாத இடத்தில் பாய் வீடியோவைத் திட்டினார், தையல்நாயகி பாயைத் திட்டினாள், வேலை நடந்தது. பின் ஃபோர்க்கைக் காலால் மிதித்து விரித்தார்கள், ஏழு பல் சக்கரத்தை உள்ளே நுழைத்தார்கள், அச்சு நட்டோடு ஜிமிக்கியின் தகட்டைச் சேர்த்து முடுக்கினார்கள், செயினை அந்த இரண்டு குட்டிச் சக்கரங்களுக்கு நடுவே வளைத்து வளைத்துக் கோத்தார்கள், தப்பாகக் கோத்தார்கள், கழற்றி மறுபடியும் கோத்தார்கள்.

ஜிமிக்கியின் முதுகில் இரண்டு சின்னத் திருகுகள் இருந்தன. "இந்த ரெண்டும் முட்டு, தங்கச்சி" என்றார் பாய், இப்போது அவருக்கு உண்மையாகவே பிடிபட ஆரம்பித்திருந்தது, குரலில் ஒரு துள்ளல் வந்திருந்தது. "இது வெளிமுட்டு. செயினு சின்னப் பல்லத் தாண்டி வெளிய வுழாம நிறுத்தும். இது உள்முட்டு. பெரிய பல்லத் தாண்டிக் கம்பியில போய் மாட்டாம நிறுத்தும்."

"வெளிமுட்ட ரொம்ப இறுக்குனா?"

"ஜிமிக்கிய உள்பக்கம் தள்ளும். சின்னப் பல்லுக்கு எறங்கவே வுடாது."

கேபிளைக் கோத்து, இழுத்துப் பிடித்து, சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றி லீவரைத் தள்ளிப் பார்த்தார்கள். செயின் கடகடவென்று புலம்பியது. ஜிமிக்கியின் பின்னால் இருந்த குமிழைக் கால் சுற்று திருப்பினார் பாய், புலம்பல் குறைந்தது, இன்னும் கால் சுற்று திருப்பினார், முணுமுணுப்பாகியது, இன்னும் ஒரு துளி திருப்பினார், செயின் ஏழு பல்லிலும் ஏறுவதும் இறங்குவதும் பட்டுச் சேலை மடிப்பது போலச் சத்தமில்லாமல் நடந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள்.

வேறு எந்த ஊர் மெக்கானிக்காக இருந்தாலும் அத்தோடு சைக்கிளைக் கொடுத்து அனுப்பியிருப்பார். தாவூது பாய் வெளிப்புலத்துக்காரர். மட்டம் பார்க்காமல் ஒரு பொருளைக் கடைக்கு வெளியே விட அவருக்குக் கை வராது. செயினை நடுப்பல்லில், அதாவது நாலாவதில் நிறுத்தி, மட்டக்குழாயின் ஒரு முனையை அந்தப் பல்லோடு வைத்துத் தையல்நாயகியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், மறுமுனையை ஊர் மட்டக்கல்லில் வைத்தார், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே அளவில் வந்து நிற்கும்வரை சைக்கிளின் அடியில் அட்டை வைத்து, அட்டையை எடுத்து, அட்டையை மடித்து வைத்து, தண்ணீர் நின்ற அந்த நொடியில் கேபிளின் நட்டைச் சடக்கென்று முடுக்கினார். கியரை ஊர் மட்டத்தோடு சேர்த்து முடுக்குகிற வேலையை உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். கியர் ஊரோடு சேர்ந்துகொண்டது, ஊரும் கியரோடு சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான் விஷயம்.

தையல்நாயகி ஏறி உட்கார்ந்து கிழக்கே பார்த்து மிதித்தாள். காற்று வந்து நெஞ்சில் கைவைத்தது. மிதி லேசாகட்டும் என்று லீவரைத் தள்ளிப் பெரிய பல்லுக்கு ஏற்றினாள். எதிரே கிடந்த சாலை தலையைத் தூக்கியது. தூரத்தில் தெரிந்த உப்பு அம்பாரங்கள் மெல்ல உயர்ந்து, அவற்றுக்குப் பின்னால் கடல் உயர்ந்து நின்றது, பின்னால் பாய் கடையில் சாக்கில் கொட்டிவைத்திருந்த பால்ரஸ் இரும்புக் குண்டுகள் அத்தனையும் கலகலவென்று மேற்குப் பார்த்து ஓடின. பிறந்ததிலிருந்து வெளிப்புலத்தில் எந்தப் பொருளும் தானாக ஓடி யாரும் பார்த்ததில்லை. பாய் அவற்றின் பின்னால் ஓடினார்.

அவள் பயந்துபோய் லீவரை மறுபக்கம் தட்டினாள். செயின் பல் பல்லாக இறங்கி, நாலாவதில் ஊர் பழையபடி படுத்து, அதையும் தாண்டி இறங்கி, கடைசிச் சின்னப் பல்லுக்கு வந்தபோது, முறத்தின் பின்பக்கத்தை யாரோ தூக்கியது போல ஊர் கிழக்கே சாய்ந்தது, சாலை கடலை நோக்கி வழுக்கிக்கொண்டு போனது, சைக்கிள் பாய்ந்தது. மிதிக்காமல் ஒரு சைக்கிள் ஓடும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். கொண்டை அவிழ்ந்தது, காற்று தள்ளியது, தள்ளிய காற்றைக் கிழித்துக்கொண்டு அவள் போனாள், வயிற்றுக்குள் ஏதோ ஒன்று மேலே எழும்பித் தொண்டைவரை வந்து சிரிப்பாக வெளியே கொட்டியது, சாலையோரத்தில் நின்ற பெண்கள் இவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சொல்ல நினைத்து, சொல்வதற்குள் தாங்களும் நாலடி ஓடிப்போய் ஒருத்திமேல் ஒருத்தி மோதிக்கொண்டார்கள்.

சின்னப் பல்லில் இருக்கையில் அவள் கிழக்கே பார்த்தால் ஊர் கிழக்கே சாயும், மேற்கே திரும்பினால் மேற்கே சாயும். நாலாவது பல்லில் வைத்து நிறுத்திவிட்டால் எப்போதும்போலக் கிடக்கும். முதல் வாரம் ஊர் விழுந்து எழுந்தது, அடுத்த வாரம் ஊர் பழகிக்கொண்டது. தையல்நாயகி கியரை மாற்றுவதற்கு முன்னால் விடாமல் மணியடிக்க வேண்டும் என்று டீக்கடையில் பேசி முடித்தார்கள். மணிச் சத்தம் கேட்டதும் ஊரே எதையாவது பிடித்துக்கொள்ளும், தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் கல்லைப் பிடிப்பாள், சவரம் செய்துகொண்டிருந்தவர் கத்தியை எடுத்துவிட்டு நாற்காலியைப் பிடிப்பார், பிள்ளைகள் மட்டும் பிடித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டுத் தென்னைமட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்து, ஊர் சாய்ந்ததும் மட்டைமேல் உட்கார்ந்து தெருக்கோடிவரை சறுக்கிக்கொண்டு போவார்கள், அவள் திரும்பி வரும்போது மறுசாய்வில் ஏறி வீட்டு வாசலுக்கே வந்து இறங்கிக்கொள்வார்கள். கட்டில்கள் எல்லாவற்றுக்கும் முட்டுக்கல் வந்தது. மத்தியானத் தோசைகள் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் முறுகியும் வந்தன, முறுகல் பக்கத்துக்காக வீடுகளில் சண்டை வந்தது. ஊர் கிழக்கே சாய்ந்த சமயத்தில் மேற்குக் கோடிக்காரர்கள் தங்களை மேட்டுக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு மீசையை நீவினார்கள், சற்று நேரத்தில் அவள் மேற்கே பார்த்துத் திரும்பி வந்ததும் அந்தப் பெருமை கிழக்குக் கோடிக்குப் போய்விட்டது, தினம் தினம் இப்படி இடம் மாறிய பெருமையை யாராலும் ஊறப்போட்டு வளர்க்க முடியவில்லை.

ஆனால் கடைசிப் பாத்திக்குச் சோறு ஆறித்தான் போனது. உப்பளத்துக் கங்காணி பக்கிரிசாமி எல்லையில் ஒரு கொடியை நட்டுவைத்துவிட்டு, அதைத் தாண்டினால் கியரை நாலில் போட்டுத்தான் போக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். உப்பு விளைகிற தண்ணீர் அசையக் கூடாது, அவர் சொன்னதும் நியாயம்தான். எல்லைவரை பறந்து போவாள், முதல் பாத்திக்காரர்கள் ஊதி ஊதித் தின்பார்கள், அப்புறம் பழைய கதைதான், காற்று, மல்லுக்கட்டு, ஆறின சோறு, "எப்புடி இருந்தா என்னா."

அதற்கும் ஆபத்து வந்தது. ஊருக்குள் சாய்த்த சாய்வு உப்பளத்தையும் எட்டியதால், ஆவணியில் உப்பு வாரும்போது பாத்திகளில் கிழக்கே கனமாகவும் மேற்கே தோலாகவும் வந்தது. பக்கிரிசாமி டீக்கடைக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"தையலு, ஒம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா தையில வேல தொடங்குறப்ப அந்த சைக்கிள்ல கியர் இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா சோத்துக்கு வேற ஆளப் பாத்துக்குறோம்."

"ஒரு நாளாவது கடைசிப் பாத்திவரைக்கும் வுட்டுப் பாருங்கண்ணே."

"ஒரு நாள் சாய்ச்சா ஒரு மாச வெள்ளாம போயிரும்மா."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். பாயிடம் கழற்றிக் கொடுங்கள் என்று சொல்லவும் மனசு வரவில்லை, நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள், தள்ளிப்போட்டதில் ஐப்பசி வந்துவிட்டது.

வெளிப்புலத்தில் மழை பெய்தால் அந்தத் தண்ணீருக்குப் போகத் தெரியாது. வடிகால் வெட்டியிருந்தார்கள், ஆனால் சாய்வு இருந்தால்தானே வடிகால், கடல் எதிரிலேயே இருந்தாலும் தண்ணீர் வாய்க்காலில் நின்றபடி கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த வருஷம் மழை வானத்தைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. தெருவில் முழங்கால், வாசலில் முழங்கால், அப்புறம் வீட்டுக்குள்ளேயே முழங்கால். அடுப்பு மூழ்கியது, அரிசிப் பானை மிதந்தது, மண்சுவர்கள் ஊறிப் பிதுங்கின. முகத்துவாரத்தில் மணல்திட்டை வெட்டிவிட்டு வந்த ஆண்கள், வழி விட்டும் தண்ணீர் நகரவில்லை என்று சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். அப்போது பக்கிரிசாமியே முழங்கால் தண்ணீரில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தையல்நாயகி வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"கழட்டிட்டியா?"

"இல்லண்ணே."

"நல்லதாப் போச்சு. சாயி தாயி. ஊரக் கடல் பக்கம் சாயி."

தாவூது பாய் ஓடி வந்து சைக்கிளைப் பார்த்தார். உப்புக்காற்றும் மழையும் கேபிளைத் தின்றிருந்தன, லீவர் பக்கத்தில் ஓர் இழை அறுந்து முள்ளாக நின்றது. "வேற கேபிள் கெடையாது தங்கச்சி. வுட்டுப் போனா ஸ்பிரிங்கு இழுத்துச் சின்னப் பல்லுலயே நிறுத்திப்புடும், திரும்பி ஏத்த முடியாது" என்றார். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட, ஒரே ஒரு தடவை எல்லையைத் தாண்டிச் சின்னப் பல்லிலேயே கடல்வரைக்கும் போகலாம் என்ற எண்ணம் பெரிதாக இருந்தது, அதைச் சொல்ல அவளுக்கு வெட்கம்.

மாடுகளைப் பனைமரங்களில் கட்டினார்கள், பிள்ளைகளைச் சேலையால் தூண்களில் கட்டினார்கள், பிள்ளைகள் அவிழ்த்துக்கொள்ளப் பார்த்தார்கள். தையல்நாயகி மணியை விடாமல் அடித்துக்கொண்டு வடக்குத் தெருவின் மேற்குக் கோடியில் ஏறி உட்கார்ந்து லீவரைத் தட்டினாள். ஊர் சாய்ந்தது. நின்ற தண்ணீர் முதலில் திகைத்தது, பிறகு அவளுக்கு முன்னால் ஓர் அலையாக எழுந்து ஓடியது. வீட்டு வாசல்களிலிருந்து, மாட்டுக் கொட்டகைகளிலிருந்து, கொல்லைப்புறங்களிலிருந்து தண்ணீர் புறப்பட்டு வந்து தெருவில் சேர்ந்தது. அவள் தெருமுனையில் தெற்கே திரும்பினாள், ஊர் தெற்கே சாய்ந்து அங்கே பதுங்கிக் கிடந்ததையும் கூட்டி வந்தது, மறுபடி மேற்கே, மறுபடி கிழக்கே, அரிசி புடைக்கிறவள் முறத்தை நாலு பக்கமும் அசைத்து உமியை ஒரு மூலைக்குக் கொண்டுவருவது போல ஊரை அசைத்து அசைத்துத் தண்ணீரை எல்லாம் ஒன்றுசேர்த்து வடிகாலில் தள்ளிக்கொண்டு, எல்லைக் கொடியைத் தாண்டி, மழைக்கு மூடிக் கிடந்த பாத்திகளைத் தாண்டி, கடைசிப் பாத்தியையும் தாண்டிப் பறந்தாள். கூரைகளில் ஏறி நின்ற ஊர் கத்திக்கொண்டே இருந்தது. முகத்துவாரத்தில் அந்தத் தண்ணீர் முழுக்க ஒரே உறுமலாகக் கடலில் போய் விழுந்தது.

அவள் கரையில் காலூன்றி நின்று, மூச்சு வாங்க, நாலாவது பல்லுக்கு லீவரைத் தள்ளினாள். டப் என்றது. லீவர் கையில் பொம்மை போலச் சுழன்றது.

ஊர் சாய்ந்தபடியே நின்றது. தண்ணீர் வடிந்து முடிந்தது, ஆனால் சாய்வு முடியவில்லை, தண்ணீருக்குப் பின்னால் தேங்காய்கள் உருண்டு வந்தன, வைக்கோல் போர் நகர்ந்து வந்தது, ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரம் ஒன்று தூக்கத்தில் நடக்கிறவனைப் போல இறங்கி வந்தது. ஊறிய சுவர்கள் கிழக்கே முனகின. எதிரே கடல் ஏற்றத்துக்கு வந்துகொண்டிருந்தது, கரை தாழ்ந்து கிடந்ததால் வாய்க்கால் வழியாக நாக்கை நீட்டி ஏற ஆரம்பித்தது. சைக்கிளைத் திருப்பினால் ஊர் மேற்கே சாயும், கடல் மொத்தமாகப் பின்னாலேயே வந்து வீடுகளுக்குள் நுழையும். திருப்பவும் முடியாது, இப்படியே விடவும் முடியாது. அவள் ஹேண்டில்பாரை அசையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாவூது பாய் சாய்வில் ஓடி வந்தார், அந்த வயதில் அந்த வேகத்தில் ஓடுவோம் என்று அவரே நினைத்ததில்லை, நிறுத்தத் தெரியாமல் ஒரு பனைமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். கருவிப் பை வழியில் எங்கோ விழுந்திருந்தது.

"வெளிமுட்டு" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

திருகைத் திருப்பக் கருவி ஒன்றும் இல்லை. தையல்நாயகி மரப்பெட்டியைத் துழாவி ஒரு தூக்குவாளிக் கரண்டியை எடுத்தாள், அதன் காம்பு தட்டையாக இருந்தது. பாய் ஒரு கையால் சீட்டைத் தூக்கிப் பிடித்து மறுகையால் பெடலைச் சுற்றினார், அவள் சேற்றில் மண்டியிட்டுக் காம்பைத் திருகில் பொருத்தி, வழுக்க வழுக்கத் திருப்பினாள். ஜிமிக்கி மயிரிழை மயிரிழையாக உள்ளே நகர்ந்தது. செயின் புலம்பியது, தயங்கியது, பக்கத்துப் பல்லில் ஏறியது, உருண்டு வந்த தேங்காய்கள் வேகம் குறைந்தன. இன்னும் திருப்பினாள். உள்ளங்கை கிழிந்தது. செயின் அடுத்த பல்லிலும் ஏறியது, உப்பு அம்பாரம் நின்றது, நீட்டிய நாக்கைக் கடல் உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்குமேல் திருகில் மரை இல்லை.

"இன்னும் ஒரு பல்லு இருக்கே பாய்."

"இதுக்கு மேல போவாது தங்கச்சி."

அந்த ஒரு பல் பாக்கி நின்றுவிட்டது. வெளிப்புலம் கடலைப் பார்த்து மிக லேசாக, பார்த்தால் தெரியாத, குண்டு வைத்தால் ஓடுகிற சாய்வில் நின்றது. அடுத்த மழைக்குப் பெய்த தண்ணீர் தானாகவே வழி கேட்காமல் கடலுக்குப் போனது. சைக்கிளைத் தொட யாருக்கும் தைரியமில்லை, அது கிழக்கே பார்த்து அங்கேயே நின்றாக வேண்டும். ஆண்கள் சேர்ந்து இரண்டு சக்கரத்துக்கும் கல் அணைத்து, மேலே கூரை போட்டார்கள், பாய் வாரம் தவறாமல் போய் எண்ணெய் விடுவார். தையல்நாயகி அன்றைக்கு அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஊர் பிழைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான், இருந்தாலும் அந்தச் சைக்கிளில் இனி ஏற முடியாது என்பது வேறு துக்கம்.

பக்கிரிசாமி மட்டக்குழாயைத் தூக்கிக்கொண்டு உப்பளம் முழுக்க நடந்தார், எங்கே பிடித்தாலும் தண்ணீர் ஒரு பக்கம் ஏறியே நின்றது. மார்கழி பூராவும் ஊர்க்காரர்கள் பாத்திகளைப் படிப் படியாக வெட்டிக் கட்டினார்கள், ஒவ்வொரு படியும் தனித்தனி மட்டம். மேல் படியில் தண்ணீரை விட்டால் அது தானே அடுத்த படிக்கு இறங்கி, அங்கே காய்ந்து, அதற்கடுத்த படிக்கு இறங்கியது, இறைக்கிற வேலை மிச்சம். பக்கிரிசாமி இதை வாய்விட்டுப் பாராட்டவில்லை. எல்லைக் கொடிக்கம்பைப் பிடுங்கித் தன் வீட்டில் வெண்டைக்கொடி படர நட்டுக்கொண்டார், வெண்டை படராது என்று அவர் பெண்சாதி சொன்னதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

தையில் வேலை தொடங்கிய முதல் நாள், பாய் ஒட்டுப்போட்டுக் கொடுத்த, கியர் என்ற பேச்சே இல்லாத ஒரு பழைய சைக்கிளில் தூக்குவாளிகளை அடுக்கிக்கொண்டு தையல்நாயகி கிளம்பினாள். ஊர் எல்லையில் காற்று வழக்கம்போல வந்து நெஞ்சில் கைவைத்தது. அவள் பெடலிலிருந்து இரண்டு காலையும் தூக்கினாள். காற்று தள்ளத்தான் செய்தது, சாய்வு அதைவிட ஒரு பிடி கூட இழுத்தது, சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது, முதல் பாத்தி, நடுப்பாத்தி, வாளியை எட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி காலைத் தூக்கினாள், படி படியாக இறங்குகிற வெள்ளைப் பாத்திகளின் ஓரமாக உருண்டு, சங்குக்கு வெகு முன்னால் கடைசிப் பாத்தியில் போய் நின்றாள்.

வைரக்கண்ணு கரையில் உட்கார்ந்து வாளியின் மூடியைத் திறந்தான். குப்பென்று ஆவி அடித்து அவன் முகத்தை மறைத்தது. பழக்கத்தில் கையை உள்ளே விட்டவன் வெடுக்கென்று இழுத்து விரல்களை உதறினான், ஊதினான், மறுபடி தொட்டுப் பார்த்தான், மறுபடி உதறினான்.

"என்னாடி இது, இந்தக் கொதி கொதிக்குது" என்றான். "கொஞ்சம் ஆற வச்சி எடுத்தாரக் கூடாதா?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்ன முதல் குறை அது. தையல்நாயகி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.